காலைல இன்னா நாஸ்தா?

நான் கட்டினதையெல்லாம் முதல்லயே சொல்லிடறேன். கடைசியில சொன்னா பாதிப் பேர் படிக்காம எழுந்து போயிடுவீங்க.

கடப்பாக்கத்துல மீன் பெட்டிக்கு ஐஸ் உடைச்சுப் போட்டுட்டு இருந்தவன் நான். படிப்பு அஞ்சாங் கிளாஸ். அதுல மூணாங் கிளாஸை ரெண்டு வாட்டி படிச்சதால ஆறு வருஷப் படிப்புன்னு வெச்சுக்கலாம். அந்த ஐஸ் ஏழுமலைதான் இந்தக் கடலோரத்துல முதல் குத்துச்சண்டை மேடையைக் கட்டினான். நாலு சவுக்குக் கம்பம், படகுக்குக் கட்டுற நைலான் கயிறு, கீழே பந்தல்காரர் வேணாம்னு தூக்கிப்போட்ட ஜமக்காளம். மணி வாங்க வழியில்லாம லாரி பிரேக் டிரம்மைத் தொங்கவிட்டு இரும்புக் கம்பியால அடிச்சேன். ஒரு நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டு ரெண்டு தெரு தள்ளி இருந்த ஸ்கூலை விட்டுட்டாங்க. பொம்பளப் புள்ளைங்க குத்துச்சண்டை பழகலாமான்னு ஊர்ல கேட்டப்போ, "நீங்க மீன் ஏலம் பார்த்ததே இல்லையா?"ன்னு திருப்பிக் கேட்டு, ஏழு பேரை மேடை ஏத்தினேன். இன்னைக்கு செங்கல்பட்டுல ஏசி, கண்ணாடிக் கதவுன்னு நம்ம கிளப் ஜொலிக்குதே, அதோட அஸ்திவாரத்துல என்னோட ஐஸ் தண்ணி ஓடுது.

எல்லாத்தையும்விடப் பெருசு இன்னொண்ணு. முப்பது வருஷமா எத்தனையோ பேர் மேடை மூலையில நான் போடுற ஸ்டூல்ல உக்காந்து எழுந்திருக்காங்க. மூக்கு கோணினவன் உண்டு, பல்லு போனவன் உண்டு. ஒருத்தனைக்கூட நாலு பேர் தூக்கிட்டுப் போனதில்ல. எல்லாரும் நடந்துதான் மேடையை விட்டு எறங்கினாங்க. சில பேர் தப்பான பக்கம் நடந்தாங்க, அது வேற.

இப்ப எனக்கு ஓய்வு குடுத்துட்டாங்க. புதுசா கார்னர் வேலைக்கு, அதாவது மேடை மூலையில நின்னு ஆளைத் தேத்தி அனுப்புற வேலைக்கு, வந்திருக்கிற உங்க ஆறு பேருக்கும் ஏதாவது எழுதிக் குடுங்கன்னு கிளப்புல கேட்டாங்க. பஞ்சு எப்படி வைக்கிறது, வேஸ்லின் எவ்வளவு தடவுறதுங்கறதெல்லாம் உங்க போன்லயே கீது, பாத்துக்கோங்க. அதுல இல்லாததை நான் சொல்றேன். எழுத்துல தப்பு இருந்தா திருத்திக்கோங்க. விஷயத்துல கை வெக்காதீங்க.

முதல்ல என் முட்டாள்தனம் ஒண்ணைச் சொல்றேன். அப்பதான் நான் எவ்வளவு தன்னடக்கமான ஆளுன்னு உங்களுக்குத் தெரியும்.

ஆரம்பத்துல குத்திப் பழகுற பை வாங்க வக்கில்ல. நாலு அரிசிச் சாக்கை ஒண்ணா தெச்சு, உள்ள மணலை ரொப்பித் தொங்கவிட்டேன். கடலோரத்துல மணலுக்கா பஞ்சம்? முதல் நாள் மெத்தை மாதிரி இருந்துச்சு. ஒரே வாரத்துல உப்புக் காத்து ஈரம் ஏறி, மணலெல்லாம் அடியில எறங்கி, மகாபலிபுரத்துச் சிற்பிங்க தேடிட்டு வர்ற கல்லு மாதிரி ஆயிடுச்சு. பசங்க அஞ்சு பேருக்கு மணிக்கட்டு வீங்கிப் போச்சு.

"அண்ணாத்த, கை வலிக்குது. பை கல்லாட்டம் கீது."

"கல்லாட்டம் இருந்தா கல்லாட்டம் குத்துடா. தள்ளு!"ன்னு நானே போய் முழு பலத்தோட ஒண்ணு விட்டேன்.

என் வலது கை சுண்டு விரல் அன்னைக்கு வளைஞ்சது, இன்னும் நிமிரல. டீ கிளாஸைப் பிடிச்சா அது மட்டும் தனியா வெளிய நிக்கும். பாக்கறவங்க பெரிய எடத்து ஆளுன்னு நெனைச்சுக்கறாங்க. நானும் மறுத்துப் பேசறதில்ல. ஆனா உங்களுக்குச் சொல்றேன்: ஒருத்தன் வலிக்குதுன்னு சொன்னா அவன் கையைப் பாருங்க. உங்க வீரத்தைக் காட்ட வேற நாள் கிடைக்கும்.

எனக்குத் தொழில் கத்துக் குடுத்தவர் துறைமுகம் பக்கத்துல இருந்து வருவார். பேரைக் கேட்டா, "பேரு இன்னாத்துக்கு? பத்திரிக அடிக்கப் போறியா?"ன்னுவார். நாங்க பெருசுன்னே கூப்பிட்டோம். மதுராந்தகத்துல ஒரு போட்டிக்கு ஐஸ் வேணும்னு அவர்தான் என்னை வரச் சொன்னார். சாக்குல சுத்தித் தலையில தூக்கிட்டுப் போனேன். அவரோட ஆளுக்குக் கண்ணு வீங்கி மூடிப் போச்சு. ஐஸை உடைச்சு உள்ளங்கையில வெச்சு நான் அழுத்தின அழுத்துல ஒரே நிமிஷத்துல அந்தக் கண்ணு தொறந்துகிச்சு. பெருசு என்னை மேலயும் கீழயும் பார்த்தார்.

"இத்தினி நாளு மீனு கெட்டுப் போவாம பாத்துகினு இருந்த. இனிமே மனுசன் கெட்டுப் போவாம பாத்துக்க, நைனா."

அப்படித்தான் நான் கார்னர் ஆள் ஆனேன். அதுக்கு முன்னாடி நானே மேடை ஏறினதும் உண்டு. ஒன்பது சண்டை. ஒன்பதுலயும் எதிராளிங்கதான் ஜெயிச்சாங்க. ஆனா ஒருத்தனும் நிம்மதியா ஜெயிக்கல.

பெருசுகிட்ட ஒரு வழக்கம். ஒரு ரவுண்டு மூணு நிமிஷம், நடுவுல ஒரு நிமிஷம் ஓய்வுன்னு உங்களுக்குத் தெரியும். ஆளு வந்து ஸ்டூல்ல உக்காந்ததும் மத்தவங்கெல்லாம் அப்படிக் குத்து இப்படிக் குத்துன்னு கத்துவாங்க. பெருசு குனிஞ்சு, காதுகிட்ட மெதுவா, "காலைல இன்னா நாஸ்தா?"ன்னு கேப்பார். இட்லி, தோசைன்னு ஒழுங்கா பதில் வந்தா தண்ணி குடுப்பார். வரலைன்னா தோள்ல கிடக்குற வெள்ளைத் துண்டை எடுத்து மேடைக்குள்ள வீசிடுவார். வெள்ளைத் துண்டு உள்ள விழுந்தா, எங்க ஆளுக்குப் போதும்னு அர்த்தம். நடுவர் நிறுத்திடுவார்.

"ஏன் பெருசு, பேரைக் கேட்டா பத்தாதா?"ன்னேன்.

"பேரு எலும்புல கீது. எத்தினி அடி பட்டாலும் சொல்லிருவான். காலைல துன்னது தலைல கீது. தலைல அடி விழுந்தா மொதல்ல காணாம போறது நாஸ்தாதான்."

இதை நான் அப்படியே பிடிச்சுக்கிட்டேன். ஆனா பாதிதான் பிடிச்சேன். மீதியை எனக்குக் கத்துக் குடுத்தது இர்பானோட அம்மா.

இர்பான் நம்ம கடப்பாக்கத்துப் பையன், அப்பா துணிக்கடை. கை நல்ல வேகம். ஒரு ஞாயித்துக்கிழமை முன்பகல் போட்டி. முதல் மூணு ரவுண்டும் அவன்தான் முன்னால இருந்தான். ஸ்டூல்ல வந்து உக்காந்தான். நான் பெருசு மாதிரியே குனிஞ்சேன்.

"காலைல இன்னா நாஸ்தா?"

"பிரியாணி."

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. எவனாவது காலைல ஏழு மணிக்கு பிரியாணி துன்னுவானா? மறுபடி கேட்டேன்.

"பிரியாணிதான் அண்ணாத்த. தண்ணி குடு."

போச்சுடா, பையனுக்குத் தலை கலங்கிடுச்சுன்னு துண்டை வீசிட்டேன். ஜெயிச்சுகினு இருந்த பையன் வாயைத் தொறந்தவன் மூடல. மறுநாள் காலைல என் ஐஸ் கடைக்கு அவங்கம்மா ஒரு அடுக்கு டிபன் கேரியரோட வந்தாங்க. கூட்டம் சேந்துடுச்சு.

"முந்தா நேத்து எம்பொண்ணு நிக்காஹ். மிச்ச பிரியாணியத்தான் புள்ள நேத்து காலைல துன்னுட்டு வந்தான். அவனைப் போயி தலை கெட்டவன்னு துண்டு போட்டியே! இந்தா, மோந்து பாரு. மோந்துட்டு சொல்லு, இது பிரியாணியா, பைத்தியமா?"

என்னோட மூணாவது சண்டையிலயே மூக்கு உடைஞ்சு வாசனை போயிடுச்சுன்னு அவங்களுக்குத் தெரியாது. எனக்கு பிரியாணியும் பினாயிலும் ஒண்ணுதான். இருந்தாலும் ஒரு மரியாதைக்கு மூக்கை உள்ள விட்டு நல்லா இழுத்து, "கமகமன்னு கீதும்மா"ன்னேன்.

"அடப்பாவி! மூணு நாள் பிரியாணி, கெட்டுப் போயி ஊரே மூக்கைப் பொத்திகினு நிக்குது, கமகமன்னு கீதாம்! மொதல்ல ஒன் தலைக்கு ஒரு துண்டு போடுய்யா!"

அன்னையில இருந்து ஒரு சட்டம் போட்டேன். போட்டி நாளன்னைக்குக் காலைல என் ஆளும் நானும் ஒரே மேசையில, ஒரே நேரத்துல நாஸ்தா. அவன் என்ன துன்றானோ அதை என் கண்ணால பாப்பேன். கேள்வி கேக்கறவனுக்குப் பதில் தெரிஞ்சிருக்கணும். தெரியலைன்னா அது கேள்வி இல்ல, வேடிக்கை. முப்பது வருஷமா பசங்களோட உக்காந்து துன்னு துன்னு எனக்குச் சர்க்கரை வந்ததுதான் மிச்சம். இந்தத் தொழில் எனக்குக் குடுத்த காயத்துல அதையும் சேத்துக்கோங்க.

துண்டு விஷயத்துல இன்னொண்ணு. இந்தக் கரையில சாயங்காலம் கடல் காத்து எப்படி அடிக்கும்னு உங்களுக்குத் தெரியும். முட்டுக்காடு பக்கம் திறந்த வெளியில ஒரு போட்டி. நம்ம ஆளு தள்ளாடுறான். நான் வீசின துண்டு மேடை வரைக்கும் போய், காத்துல திரும்பி, முன் வரிசையில ஒரு அம்மா கையில வெச்சிருந்த பஜ்ஜித் தட்டுல உக்காந்துச்சு. அந்தம்மா தேங்க்ஸ்னு சொல்லி அதுல எண்ணெயைத் தொடைச்சாங்க. நடுவர் எதையும் பாக்கல. அதை வாங்கி மறுபடி வீசறதுக்குள்ள நம்ம ஆளு இன்னும் மூணு குத்து வாங்கிட்டான். அதுக்கப்புறம் துண்டோட ஒரு முனையில எலுமிச்சம்பழத்தை வெச்சு முடிஞ்சுப்பேன். கல்லு மாதிரி நேராப் போகும். பாத்தவங்கெல்லாம் ஏழுமலை திருஷ்டி கழிக்கிறான்னு நெனைச்சாங்க. அதோட, எந்த கார்னர் வேணும்னு கேட்டா கடல் பக்கத்து கார்னரைத்தான் கேப்பேன். காத்து நம்ம முதுகுல இருந்து மேடையைப் பாக்கப் போகணும். இதை மனசுல வெச்சுக்கோங்க. இனிமே சொல்லப் போற விஷயத்துக்கு இது ரொம்ப முக்கியம்.

இப்ப கஜா விஷயத்துக்கு வரேன்.

கஜேந்திரன் மதுராந்தகத்துப் பையன். ஏரிப் பாசனத்துல நெல்லு போடுற குடும்பம். நம்ம கிளப்புல இருந்து காசுக்குச் சண்டை போடப் போன முதல் ஆளு. பதினெட்டு சண்டை, பதினாலு ஜெயம். வாசல்ல அவன் போட்டோவைத்தான் பெருசா மாட்டியிருக்கோம். பதினெட்டுலயும் அவன் கார்னர்ல நான்தான். போட்டோவுல என் முழங்கை தெரியும், உத்துப் பாருங்க.

பதினாறாவது சண்டைக்கு அப்புறம் அவன்கிட்ட ஏதோ சரியில்ல. மதுராந்தகத்துல எறங்க வேண்டியவன் மேல்மருவத்தூர்ல எறங்கி, வூட்டைக் காணோமேன்னு எனக்கு போன் பண்ணினான். கேட்டா, தூங்கிட்டேன்னான். வலது காதுல எந்நேரமும் குக்கர் விசில் அடிக்குதுன்னான். இன்னொரு நாள் பஸ்ல எங்கிட்ட ஒரு ஜோக்கு சொன்னான். நல்ல ஜோக்கு, விழுந்து விழுந்து சிரிச்சேன். செங்கல்பட்டு தாண்டினதும் அதே ஜோக்கை மறுபடி சொன்னான். விளையாடறான்னு சிரிச்சேன். படாளம் வந்ததும் மூணாவது தடவை ஆரம்பிச்சான். அப்ப எனக்குச் சிரிப்பு வரல.

"கஜா, போதும்டா. நிறுத்திக்கலாம்."

"ஒரே ஒரு பெல்ட் அண்ணாத்த. அடுத்த மாசம் சாம்பியன் பெல்ட்டுக்கான பைட்டு. அத வாங்கிகினு நிறுத்திடறேன்."

"பேன்ட்டு நிக்கறதுக்கு பெல்ட் வேணும்னா நான் வாங்கித் தரேன்டா."

"தோ பாரு, ஒன் நாஸ்தா கேள்விக்கு நான் என்னிக்காச்சும் தப்பா பதில் சொல்லிக் கீறேனா? தப்பா சொன்னா நீ துண்டு போடு. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அவன் சம்சாரம் சுமதி அப்ப ஏழு மாசம். அவ என்னைத் தனியா கூப்பிட்டு, "அண்ணா, புள்ள பொறந்தா அது யாருன்னு அவருக்குத் தெரியணும். அவ்ளோதான் எனக்கு"ன்னா. நான், "ஏழுமலை இருக்கான்மா"ன்னேன். பெருமைக்குச் சொல்லல. சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான்.

போட்டி மகாபலிபுரத்துல, கடலை ஒட்டின ஒரு ரிசார்ட்டு புல்வெளியில. சாயங்காலம் நாலு மணிக்கு. வெள்ளைக்காரங்க நிறைய வர்றாங்க, அதனால கார்னர்ல நிக்கறவங்கெல்லாம் பாரம்பரிய உடையில வரணும்னு ரிசார்ட்டுக்காரர் சொல்லிட்டார். நான் ஆயுசுல கைலியும் டிராக் பேன்ட்டும் தவிர எதுவும் போட்டவன் இல்ல. வேட்டி கட்டத் தெரியாதவனுக்குன்னு எங்க வூட்டுல ஒட்டுற வேட்டி ஒண்ணு வாங்கியாந்தாங்க. இடுப்புல சுத்தி ஒட்டினா போதும், பிரிக்கும்போது சர்ர்னு ஒரு சத்தம். நல்ல அகலமான சரிகைக் கரை. அதைக் கட்டினதும் எனக்கே என்னைப் பாத்து வணக்கம் சொல்லத் தோணுச்சு.

அன்னைக்குக் காலைல நானும் கஜாவும் பஸ் ஸ்டாண்டுக்கிட்ட ஒரு மெஸ்ல உக்காந்தோம். கஜா ரெண்டு பொங்கல், ஒரு வடை சொன்னான். துன்னு முடிச்சதும் என் கண்ணைப் பாத்து, "ரெண்டு பொங்கல், ஒரு வடை. கரீட்டா?"ன்னான். கரெக்ட்டுன்னேன். கையைத் தொடைச்சுக்கறேன்னு என் தோள்ல இருந்த துண்டை, எலுமிச்சம்பழத்தோட, வாங்கினான். திருப்பிக் குடுக்கல. நானும் கேக்கல. அதுதான் நான் பண்ணின தப்பு. போட்டி நாள்ல உங்க துண்டை உங்க பொண்டாட்டிகிட்டகூட குடுக்காதீங்க.

பத்து ரவுண்டு போட்டி. கார்னர்ல நானும், கஜாவுக்குப் பயிற்சி குடுத்த மாஸ்டரும். கடல் பக்கத்து கார்னரைச் சண்டை போட்டு வாங்கினேன். முதல் நாலு ரவுண்டு கஜா பிரமாதம். அஞ்சாவதுல எதிராளியோட இடது கை, கஜாவோட வலது காதுல பொளேர்னு விழுந்துச்சு. ஸ்டூல்ல வந்து உக்காந்தான்.

"காலைல இன்னா நாஸ்தா?"

"ரெண்டு பொங்கல், ஒரு வடை."

அப்பாடா. ஆறாவது ரவுண்டுல இன்னும் ரெண்டு விழுந்துச்சு. கேட்டேன். "ரெண்டு பொங்கல், ஒரு வடை." மாஸ்டர், "பாத்தியா, தெளிவா கீறான்"னார். நானும் நம்பிட்டேன்.

ஏழாவது ரவுண்டு முடிஞ்சு வந்தான். பல்லு போகாம வாய்ல மாட்டியிருந்த ரப்பரை எடுத்துட்டு, "தண்ணி குடிடா"ன்னு பாட்டிலை நீட்டினேன்.

"ரெண்டு பொங்கல், ஒரு வடை"ன்னான்.

நான் இன்னும் கேக்கவே இல்ல.

அப்பதான் எனக்குப் புரிஞ்சுச்சு. பையன் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி பதிலை உருப் போட்டுட்டு வந்திருக்கான். தலையில எல்லாம் காலி ஆயிடுச்சு, மனப்பாடம் பண்ணின அந்த ஒரு வரி மட்டும் ஓடிட்டு கீது. அவன் மூஞ்சியை என் பக்கம் திருப்பி, "கஜா, நான் யாருடா?"ன்னேன்.

என்னை நல்லாப் பாத்தான். "சாம்பார் ஊத்துப்பா"ன்னான்.

நடுவர் வடக்கத்திக்காரர். கிட்ட வந்து, "ஓகே?"ன்னு கேட்டார். கஜா நிமிர்ந்து உக்காந்து, கணீர்னு, "ரெண்டு பொங்கல், ஒரு வடை!"ன்னான். வீர வசனம்னு நெனைச்சு அவரும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிட்டுப் போயிட்டார்.

"மாஸ்டர், நிறுத்துங்க. என்னை ஓட்டல் சர்வர்னு நெனைக்கிறான்."

"அந்த வேட்டியில நீ அப்பிடித்தான்யா கீற! இன்னும் மூணே ரவுண்டு. பெல்ட்டு கைக்கெட்டுற தூரத்துல கீது. பேஜாரு பண்ணாத."

மணி அடிச்சுட்டாங்க. கஜா எழுந்து போயிட்டான். எந்தப் பக்கம் போறதுன்னு அவனுக்குத் தெரியல, நடுவர்தான் கையைப் பிடிச்சு நடுவுக்குக் கூட்டிட்டுப் போனார். நான் தோளைத் தடவினேன், துண்டு இல்ல. பையைக் கவுத்தேன். பஞ்சு கீது, வேஸ்லின் கீது, ஐஸ் கீது, துண்டு மட்டும் இல்ல. திரும்பிப் பாத்தேன். மூணாவது வரிசையில சுமதி. அவ மடியில, எலுமிச்சம்பழத்தோட, என் துண்டு. அதைப் பிழிஞ்சு பிழிஞ்சு கையில வெச்சிருந்தா.

"தூக்கிப் போடும்மா!"ன்னு கத்தினேன்.

அவ அழுதுகிட்டே தலையை ஆட்டினா. "குடுக்க மாட்டேன்னு வயித்துல இருக்கறது மேல சத்தியம் வாங்கிட்டாரு, அண்ணா!"

உள்ள கஜா கை ரெண்டும் எறங்கிப் போச்சு. ஒரு குத்து. இன்னொண்ணு. தலை பின்னால போய்த் திரும்பி வருது. மேடைக்குள்ள நான் ஏறிடலாம். ஆனா இந்த முட்டியோட கயித்துக்கு நடுவுல நுழைய எனக்குக் குறைஞ்சது அரை நிமிஷம். அவனுக்கு அரை நிமிஷம் இல்ல.

இந்த எடத்துல சுமதி இப்ப ஒண்ணு சொல்லிட்டுத் திரியறா. அவதான் கண்ணால என் இடுப்பைக் காட்டினாளாம். அது பொய். அந்த யோசனை முழுக்க என்னுது.

சர்ர்ருன்னு ஒரு இழுப்பு. டிராக் பேன்ட்டா இருந்தா நாடா முடிச்சை அவுக்கவே ரெண்டு நிமிஷம் ஆகியிருக்கும். வேட்டி கையோட வந்துச்சு. முனையில முடிய எலுமிச்சம்பழம் இல்ல, ஒரு கட்டி ஐஸை வெச்சு ஒரு முடிச்சு போட்டேன். மூச்சைப் பிடிச்சு வீசினேன். பின்னால வங்காள விரிகுடா முழுசும் சேந்து ஊதுச்சு. எட்டு முழமும் பாய் மாதிரி விரிஞ்சு, சரிகை மின்ன, நடுவரையும் எதிராளியையும் சேத்து ஒரே மூடா மூடிடுச்சு. உள்ள ரெண்டு பேரும் குதிக்கறாங்க. கண்ணு தெரியாம எதிராளி விட்ட குத்து நடுவர் தோள்ல விழ, அவர் வேட்டிக்குள்ள இருந்தபடியே "ஸ்டாப்! ஸ்டாப்!"னு கத்தினார். சண்டை நின்னுச்சு.

மேடை ஓரத்துல நான், பட்டாபட்டி டிராயரோட. வெள்ளைக்காரங்க எழுந்து நின்னு கை தட்டினாங்க. இதுவும் பாரம்பரிய உடைதான்னு நெனைச்சு போட்டோ எடுத்தாங்க.

எதிராளி வேட்டிக்குள்ள சுருண்டு விழுந்து கிடக்கறதைப் பாத்த கஜா, தான் ஜெயிச்சுட்டதா நெனைச்சு ரெண்டு கையையும் தூக்கிட்டு மேடையைச் சுத்தி வந்தான். கண்ணுல அப்படி ஒரு சந்தோஷம். ஒரு நிமிஷம் அவன் சாம்பியனா இருந்தான். ஸ்டூல்ல உக்கார வெச்சு ஐஸ் போட்டு, மெதுவா விஷயத்தைச் சொன்னேன். புரிய நேரம் ஆச்சு. அப்புறம் என்னை முறைச்சான்.

"இன்னாத்துக்குடா போட்ட, ஏழுமல?"

இருபது வயசு மூத்தவனை முதல் தடவையா டா போட்டான், பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. என்னை அடையாளம் தெரிஞ்சுகிச்சே!

மாஸ்டர் என்னோட பேசறதை நிறுத்தினார். கஜாவும்தான். வேட்டியைச் சுருட்டித் தன் பையில திணிச்சுகிட்டு, "இத நீ ஆயுசுக்கும் பாக்க மாட்ட"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான். ரெண்டு மாசம் எனக்கு நாஸ்தாவே எறங்கல. சர்க்கரை கொஞ்சம் கொறைஞ்சுது, அது ஒண்ணுதான் லாபம்.

அப்புறம் ஒரு நாள் என் ஐஸ் கடை முன்னால வந்து நின்னான். பெரிய ஆஸ்பத்திரியில தலையை ஸ்கேன் எடுத்திருக்காங்க. பழைய அடியெல்லாம் உள்ள தெரியுதாம். இன்னும் ரெண்டு ரவுண்டு போயிருந்தா எழுந்தே இருந்திருக்க மாட்டான்னு டாக்டர் சொன்னாராம். "நல்ல நேரத்துல துண்டு போட்டிருக்காங்க"ன்னாராம்.

"நீ இன்னாடா சொன்ன?"

"துண்டு இல்ல சார், வேட்டின்னேன்."

மீன் வண்டி வந்துடுச்சு. அவனும் ஒரு கை பிடிச்சு ஐஸ் ஏத்தினான்.

இப்ப கஜா முட்டுக்காடு போட் ஹவுஸ் தாண்டி நாஸ்தா கடை வெச்சிருக்கான். காதுல விசில் நிக்கல. இடது கை முழுசா மூடாது, கரண்டி நழுவும். தோசை கேட்டாலும் சரி, பூரி கேட்டாலும் சரி, பாதி நாள் ரெண்டு பொங்கல், ஒரு வடைதான் தட்டுல வரும். தெரிஞ்சவங்க அதையே கேட்டுத் துன்றாங்க. யாரு என்ன கேட்டாங்கன்னு சுமதி சுவத்துல சாக்பீஸால எழுதி எழுதிக் காட்டுவா. அடி பட்டது பட்டதுதான், அது திரும்பாது. இதை நான் உங்களுக்கு மறைக்கல. ஆனா அன்னைக்கு சுமதி வயித்துல இருந்த பொண்ணு அழுதா, எங்க இருந்தாலும் பேர் சொல்லிக் கூப்பிட்டுகினு ஓடி வருவான். ஒரு நாள்கூடப் பேர் மாறினதில்ல.

போன வாரம் வேட்டியைத் திருப்பிக் கேக்கப் போனேன். எங்க வூட்டுல ஒரு கல்யாணம். கடைக்குப் பின்னால உத்தரத்துல, சரிகைக் கரையோட, தூளியாத் தொங்குது. உள்ள அந்தப் பொண்ணு. எனக்கு ஒரு காலு மட்டும் தெரிஞ்சுது.

"அண்ணாத்த, வேற எதுலயும் தூங்க மாட்றா"ன்னான் கஜா. "இன்னா நாஸ்தா சாப்புடற?"

தோசை கேட்டேன். பொங்கல் வந்துச்சு. துன்னுட்டு வந்துட்டேன்.

சரி, இப்ப கிளப்புக்கு. புதுக் கட்டடத்துல பளிங்குப் பலகை வெச்சிருக்கீங்க. கஜா பேரு கீது. மாஸ்டர் பேரு கீது. மேடைக்குச் சாயம் அடிச்சவர் பேருகூட கீது. கடைசிச் சண்டைக்கு நேரா, 'எட்டாவது சுற்று. துண்டு வீசப்பட்டது'ன்னு செதுக்கியிருக்கீங்க. துண்டு சுமதி மடியில இருந்துச்சு, அவளையே கேளுங்க. அன்னைக்கு மேடைக்குள்ள போனது வேட்டி, அது தானா பறந்து போகல. வேட்டியை நான் திருப்பிக் கேக்க மாட்டேன், புள்ள தூங்கட்டும். பலகையை மட்டும் மாத்துங்க. 'வேட்டி வீசியவர்: ஐஸ் ஏழுமலை, கடப்பாக்கம்.' கஜா பேரு எந்த அளவுல கீதோ, அதே அளவுல.